சுயாதீனம் அவர்களுக்கு, செலவு எங்கள் வீட்டுக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். என் கணவரிடமே கேட்டேன். "பேர் போடாம எழுது, யாருக்காவது உதவட்டும்" என்றார். கிறிஸ்தவ விசுவாசிகள் ஒயின் குடிக்கலாமா கூடாதா, கிறிஸ்து தந்த சுயாதீனத்தில், அதாவது விடுதலையில், அதுவும் அடங்குமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. அதற்கு இரண்டு பக்கமும் வசனங்களோடு ஆட்கள் இருக்கிறார்கள். விவாதம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு குடும்பத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். எங்களுக்கு முன்னால் இதே வழியாகப் போனவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வருஷத்துக்கும் மேலான வாழ்க்கையும் பெரும்பகுதி சேமிப்பும் எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

என் கணவர் விசுவாசத்துக்கு வருவதற்கு முன்னால் நன்றாகக் குடித்தவர். ஞானஸ்நானம் எடுத்ததும் அற்புதமாக நின்றுபோனது என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அப்படி இல்லை. ஜெபமும் இருந்தது, மருத்துவரும் இருந்தார், ஆரம்பத்தில் டைசல்ஃபிராம் மாத்திரையும் இருந்தது. அந்த மாத்திரை எடுக்கிறவர் உடம்புக்குள் கொஞ்சம் மது போனாலும் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து ஆபத்தான நிலைக்குக்கூடப் போகலாம். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். விருந்தில் "ஒரு வாய்தானே, சும்மா எடுங்க" என்று வற்புறுத்துகிறவர்களுக்கு, எதிரில் இருப்பவர் என்ன மருந்தில் இருக்கிறார் என்பது தெரியாது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். அவர் உயிருக்கே அது நல்லது.

மாத்திரையை நிறுத்திய பிறகும் பல வருஷம் அவர் தொடவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் வேறு ஊருக்கு மாறி, புதிய சபையில் சேர்ந்தோம். அங்கே வீடுகளில் கூடும் ஒரு சிறு ஐக்கியம் இருந்தது. அதை நடத்திய அண்ணனைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் கெட்டவர் இல்லை. வேதத்தை ஆழமாகப் படித்தவர். எதைத் தொட்டாலும் பாவம், எங்கே போனாலும் பாவம் என்று பயமுறுத்தி வளர்த்த குடும்பத்திலிருந்து வந்தவர். கிருபை என்றால் என்ன என்று அவருக்குப் புரிந்த நாள், அவருக்கு விடுதலை நாள். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்கிற கட்டளைகளைப் பற்றி கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதியதை அவர் விளக்கும்போது கண் கலங்கும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் கலங்கியிருக்கிறது. அதனால்தான் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒயின் இருந்ததை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. சங்கடமாக மட்டும் இருந்தது.

அன்றைக்கு ஏதோ ஒரு பிறந்தநாள். அண்ணன் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே வந்தார். என் கணவர் டம்ளர் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, "எனக்கு வேண்டாம்ண்ணா" என்றார். அண்ணன் பாட்டிலைச் சாய்த்தபடியே சிரித்துக்கொண்டு, "என்ன தம்பி, இன்னும் நியாயப்பிரமாணத்துக்குக் கீழேதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். கிருபை புரியாமல் இன்னும் பழைய கட்டளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்ற கேலி அது. எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை நகர்ந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு அது ஒரு தமாஷ்.

அன்று இரவு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தூங்கினார், காலையில் வேலைக்குப் போனார். "பார்த்தியா, நீதான் வீணா பயப்படுறே, நான் இப்ப பழைய ஆள் இல்ல" என்றார். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். குடியிலிருந்து மீண்ட ஒருவருக்கு முதல் டம்ளரோடு எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று நினைப்பார்கள். பல நேரம் அப்படி நடக்காது. ஒன்றும் ஆகாததுதான் ஆபத்தே. அது தைரியத்தைக் கொடுக்கிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டு டம்ளர். அதற்கப்புறம் வீட்டுக்கே ஒரு பாட்டில், "ஞாயிறு சாப்பாட்டோடு மட்டும்". அப்புறம் ஒயின் போய் பழைய சரக்கு வந்தது, ஞாயிறு என்பது தினமும் ஆனது. முன்பு குடித்த காலத்தில் அவர் குற்றவுணர்ச்சியோடு குடித்தார். மறைத்துக் குடிப்பார், மறுநாள் அழுவார். இந்த முறை வசனத்தோடு குடித்தார். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர் கலியாணத்தைச் சொல்வார், "உன் வயிற்றிற்காகக் கொஞ்சம்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைச் சொல்வார். நான் எதைச் சொன்னாலும் சட்டம் பேசி மற்றவர்களைக் குற்றம் சொல்கிற பரிசேயர் பட்டியலில் என்னைச் சேர்த்துவிடுவார்.

இந்தக் கட்டத்தில்தான் 1 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை நிஜமாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை அது விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிய, நமக்குச் சம்பந்தமில்லாத பழைய பிரச்சினை என்று தாண்டிப் போயிருந்தேன். அறிவுள்ள ஒருவன் விக்கிரகக் கோவில் பந்தியில் உட்கார்ந்திருப்பதைப் பலவீனமான சகோதரன் பார்க்கிறான். அவனுடைய மனச்சாட்சி அதைச் செய்யத் துணிகிறது. துணிகிறவன் சந்தோஷமாகத்தான் துணிகிறான், யாரும் அவன் வாயில் திணிக்கவில்லை. ஆனால் அவன் கெட்டுப்போகிறான் என்கிறார் பவுல். "அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே" என்று அந்த இடத்தில் நிறுத்துகிறார். என் சமையலறையில் நடந்துகொண்டிருந்தது அச்சு அசல் அதுதான். படித்து முடித்துவிட்டு அழுதேன், கோபத்தில்.

வேலை போனது. இரண்டு முறை எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் அனுப்பினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேமிப்பிலிருந்து போனது. மகள் தோழிகளை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டாள். நான் காரணம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைந்தார், உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் அடுத்த வாக்கியம், "நான் அளவோடதானேம்மா குடிக்கிறேன். அவர் அளவு மீறினதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" இதற்கு எனக்கு அன்று பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் காரணம். என் கணவர் குழந்தை இல்லை, குடித்தது அவர். ஆனால் ரோமர் 14-இல் பவுல் பொறுப்பைப் பங்கு பிரித்துக்கொண்டு உட்காரவில்லை. மாம்சம் புசிப்பதும் மதுபானம் குடிப்பதும் சகோதரன் இடறுகிறதற்கு ஏதுவாக இருந்தால், "அவைகளில் ஒன்றையும் செய்யாமலிருப்பதே நன்மையாயிருக்கும்" என்று மட்டும் சொல்கிறார். யார் குற்றவாளி என்பது அங்கே கேள்வியே இல்லை. பாதையில் கிடக்கும் கல்லை யார் எடுத்துப் போடுவது என்பதுதான் கேள்வி.

இத்தனைக்கும் எங்களை அதிகமாகக் காயப்படுத்தியது அண்ணன் பக்கம் இல்லை. விஷயம் மெல்லக் கசிந்ததும், சபையில் ஒயினை எதிர்த்தவர்களுக்கு என் கணவர் ஒரு ஆதாரமாகிவிட்டார். ஒரு ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லாமல், ஆனால் அங்கிருந்த எல்லோருக்கும் புரியும்படி, "சுயாதீனம் பேசினால் குடும்பம் இப்படித்தான் நடுத்தெருவுக்கு வரும்" என்று ஒரு பெரியவர் பேசினார். இன்னொருவர் என்னிடம் வந்து, உன் வீட்டுக்காரர் மேடையில் நின்று நடந்ததைச் சாட்சியாகச் சொன்னால் வாலிபர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கும் என்றார். என் கணவர் அப்போது குடித்துக்கொண்டுதான் இருந்தார்! எதைச் சாட்சி சொல்வது? அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் சபைக்கு வருவதை முழுக்க நிறுத்தினார். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது என்று ஒரே வசனத்தில் இரண்டு பேரையும் பவுல் நிறுத்தி வைத்திருக்கிறார். எங்களுக்கு நடந்தது என்னவென்றால், முதல் கட்சி சிரித்ததில் அவர் விழுந்தார், இரண்டாம் கட்சி பேசியதில் எழுந்திருக்க மனமில்லாமல் போனார். கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தை உங்கள் கொள்கைக்கு உதாரணமாக எடுத்துப் பேசாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் பேசாதீர்கள். பெயர் சொல்லாதது அவர்களுக்கு எந்த மறைப்பும் இல்லை.

அடுத்ததாகச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. ஒருநாள் அவரே, "இன்னையோட சரி" என்று பாட்டிலைக் கொட்டிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் சாயங்காலமே கை நடுங்க ஆரம்பித்தது, வேர்த்துக் கொட்டியது, தூக்கமே இல்லை. சபையில் ஒருவருக்குப் போன் செய்தேன். சத்துரு போராடுகிறான், ஜெபத்தில் தரித்திருங்கள் என்றார். ஜெபித்தேன். நல்லவேளை, ஜெபித்தபடியே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம் என்றும், அதற்கடுத்த நாட்களில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, மனம் குழம்பி, உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். அவரை அங்கேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் இந்த நிலைமை என்றால், நிறுத்தும் முடிவை எடுத்தவுடனே, நடுக்கம் வரும்வரை காத்திராமல், மருத்துவரிடம் போய்விடுங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக்குறைவு என்று யாராவது சொன்னால், அவர்களோடு வாதாட அப்போது நேரமில்லை.

அந்த மாதங்களில் எங்களோடு உண்மையாக நின்றது ஒரு கணவனும் மனைவியும்தான். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், அவர்களும் அளவோடு ஒயின் குடிக்கிறவர்கள்தான். அது பாவம் என்று அவர்கள் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைப்பதில்லை. ஆனால் எங்களைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டில் அது இல்லாமல் போயிருக்கிறது. எங்களிடம் இதைச் சொல்லவே இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போனால் சாப்பிடுவோம், பாடுவோம், வந்துவிடுவோம். வெகு நாள் கழித்து அவர்களுடைய மகன் பேச்சுவாக்கில் உளறித்தான் எனக்குத் தெரியவந்தது. "உனக்கு விசுவாசமிருந்தால் அது தேவனுக்குமுன் உன்மட்டும் இருக்கட்டும்" என்கிற வசனத்துக்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியாது. வேறொரு வீட்டில், நாங்கள் உள்ளே நுழைந்ததும் "ஐயோ, அதையெல்லாம் எடுத்து உள்ளே வைங்க, இவங்க வந்துட்டாங்க" என்று சத்தமாகச் சொல்லி எடுத்து வைத்தார்கள். அவர்களும் அன்பாகத்தான் செய்தார்கள். என் கணவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. விட்டுக்கொடுக்கிறவர்கள் அதை ஆரவாரம் பண்ணாமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விட்டுக்கொடுத்ததே இன்னொரு பாரமாகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியதை எடுத்துக்கொண்டு வேறு யாரையாவது அடிப்பார்கள். எங்கள் விஷயம் வெளியே வந்த பிறகு சபையில் எதற்கெடுத்தாலும் "எனக்கு இடறலாக இருக்கிறது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கு வாலிபர்களின் இசைக்கருவி இடறல், ஒருவருக்கு இன்னொருவரின் உடை இடறல். அவர்களில் ஒருவர்கூட அந்த இசையைக் கேட்டு விசுவாசத்தை விட்டுப் போகிற ஆபத்தில் இல்லை. அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பவுல் தீமோத்தேயுவுக்கு யூதர்நிமித்தம் விருத்தசேதனம், அதாவது யூதர்களின் முன்தோல் நீக்கும் சடங்கு, பண்ணுவித்தார். அதே பவுல், யூதரல்லாத தீத்துவின் விஷயத்தில், அதைக் கட்டாயமாக்கப் பார்த்தவர்களுக்கு ஒரு நாழிகையும் இணங்கவில்லை என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். முன்னதில் மனிதர்களை ஆதாயப்படுத்த வேண்டியிருந்தது, பின்னதில் சுவிசேஷத்தோடு ஒரு நிபந்தனையைக் கட்டிவிடப் பார்த்தார்கள். எனவே யாராவது இடறல் என்றால், நான் இப்போது மனதுக்குள் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: என்னைப் பார்த்து இவர் தன் மனச்சாட்சிக்கு விரோதமாக ஒன்றைச் செய்து கெட்டுப்போவாரா, அல்லது என்மேல் கோபப்பட்டுவிட்டு நன்றாகத் தூங்குவாரா? இரண்டாமவரிடம் மரியாதையாகப் பேசலாம். ஆனால் அவருக்காக வீட்டையே மாற்ற வேண்டியதில்லை.

அதேபோல, எல்லா இடத்திலும் ஒரே விதி என்றும் பவுல் சொல்லவில்லை. கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போய் முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். ஆனால் "இது விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டது" என்று ஒருவன் சொன்னால், அப்படிச் சொன்னவன்நிமித்தம் சாப்பிடாதிருங்கள் என்கிறார். உணவு அதேதான், மேஜையில் இருக்கும் ஆள்தான் வேறு. விருந்து வைக்கிற அண்ணன்மார், அக்காமார் இதைக் கொஞ்சம் யோசித்தால் போதும். யார் வருகிறார்கள் என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாத கூட்டமா, மதுவே இல்லாமல் வையுங்கள். யாரும் செத்துப்போக மாட்டார்கள். நெருங்கிய நண்பர்கள் இருவர் மட்டுமா, அது உங்கள் மனச்சாட்சி. தனியாக ஒருவருக்கு மட்டும் ஜூஸ் கொடுத்து அவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள். வேண்டாம் என்கிறவரிடம் வேதபாடம் எடுக்காதீர்கள். இதையெல்லாம் கேலி செய்து சிரிக்கிற ஒருவர் மேஜையில் இருந்தால், பேச்சை மாற்றுகிற இன்னொருவராக நீங்கள் இருங்கள். அன்றைக்கு அந்த மேஜையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் போதுமாயிருந்தது.

என் நிலையில் இருக்கிற மனைவிமாருக்கு ஒன்று. கூட்டத்துக்குப் போகும் முன்பே விருந்து வைக்கிறவர்களிடம் தனியாகப் பேசிவிடுங்கள். உங்கள் கணவரின் சம்மதத்தோடு பேசுங்கள், அவருக்குத் தெரியாமல் பேசினால் அது வேறு விதமாக முடியும். முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. "எங்கள் குடும்பத்துக்கு இது ஆகாது, உதவி செய்யுங்கள்" என்றால் போதும். அதைக் கேட்டுவிட்டுப் புரியாத முகம் காட்டுகிற இடத்துக்குப் போகாமல் இருக்கலாம், ஐக்கியத்தை விட்டுவிட்டதாக ஆகாது. திருவிருந்துக் கிண்ணத்தைப் பற்றியும் முன்கூட்டியே பாஸ்டரிடம் கேளுங்கள். புளித்த ஒயின் கொடுக்கும் சபைகள் இருக்கின்றன. எங்கள் சபையும் அப்படித்தான். என் கணவர் சபைக்குத் திரும்ப வந்த புதிதில் அப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிண்ணத்தைக் கடத்திவிடுவார். இது இன்றைக்கு முளைத்த பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் 1869-இல் அமெரிக்காவில் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பதப்படுத்தியதே திருவிருந்துக்காகத்தான்.

அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். விளக்கம் எதுவும் கொண்டுவரவில்லை. "அடுத்த கூட்டத்துக்கு நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க தம்பி" என்று என் கணவரிடம் கேட்டார். மேஜையில் வேண்டாம் என்றார் இவர். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். திருவிருந்துக்கும் எல்லோருக்குமே புளிக்காத சாறு வைக்கலாமே என்று பாஸ்டரிடம் எடுத்துச் சொன்னதும் அவர்தான். அதில் சபையில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது, பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது. என் கணவர் வேறு வேலையில் சேர்ந்துவிட்டார், மருத்துவரிடமும் தொடர்ந்து போகிறார். அண்ணன்மேல் எனக்கிருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அவர் வீட்டுக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம்.